சிவப்பணுவின் வடிவம் சொல்லும் செய்தி

மாணவர் ஒருவர் வெளிறிய முகத்துடன் சோர்ந்து அமர்ந்திருந்தால், "கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்று அறிவுறுத்துகிறோம். இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. சிவப்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்து, உலர்த்தி, லீஷ்மன் சாயமிட்டுப் பார்ப்பார்கள். நலமான சிவப்பணு இருபுறமும் குழிந்த வட்டத்தட்டு. விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். நடுப்பகுதி மெல்லியதாதலால் வெளிறித் தெரியும்.

நோய்க்கேற்ப இத்தோற்றம் மாறும்:

• இரும்புச்சத்துக் குறைவு: அணுக்கள் சிறுத்து, வெளிறிய நடுப்பகுதி அகன்றிருக்கும்.

• வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு: அணுக்கள் பெருத்து, முட்டை வடிவில் இருக்கும்.

• அரிவாள் செல் நோய்: சில அணுக்கள் அரிவாள் போல் வளைந்திருக்கும். இவை நுண்குழாய்களில் சிக்கிக் கடும் வலி தரும்.

• தலசீமியா: அணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். சிலவற்றின் நடுவில் மட்டும் அடர்ந்த புள்ளி தெரியும்.

அரிவாள் வடிவ அணுக்களை முதன்முதலில் விவரித்து 1910இல் கட்டுரை வெளியிட்டவர் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக். நீலகிரிப் பழங்குடியினரிடம் இப்பண்பு இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் தெரிவித்தனர். இது பெற்றோர் வழியே வரும் மரபுக் குறைபாடு, உணவால் வருவதன்று.

முதல் வகையும் தலசீமியாவும் ஒத்த தோற்றம் உடையவை. எனவே ஃபெரிட்டின் அளவு, ஹீமோகுளோபின் வகை ஆகிய சோதனைகளும் தேவை. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளியின் இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பு சேரும். அவருக்கு இரும்பு மாத்திரை தீங்காகலாம்.

வகுப்பறைச் செயல்பாடு: களிமண் உருண்டையை இருபுறமும் விரலால் அழுத்திச் சிவப்பணு செய்யச் சொல்லுங்கள். மற்றொன்றை அரிவாளாக வளைக்கட்டும். குறுகிய குழாயில் எது எளிதாகச் செல்லும், ஏன் என்று கேளுங்கள். பின்னர் ஆய்வகத்தில் உள்ள ஆயத்த ஸ்லைடைக் காட்டலாம். மாணவரிடம் இரத்தம் எடுக்க வேண்டாம்.

சோர்வு நீடித்தாலோ, மாத்திரை உண்டும் தேறாவிட்டாலோ, அடிக்கடி மூட்டுவலி, மஞ்சள் கண் தெரிந்தாலோ, பெற்றோரிடம் பேசி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். காரணத்தை மருத்துவர் கண்டறிவார். அறிகுறியை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே.