கணப்பருகே அடுக்கிய விறகு

நீலகிரியில் புல்வெளிமேல் உறைபனி படியத் தொடங்குவதற்கு முன்னரே ஓர் அபிப்பிராயம் வீட்டுக்கு வீடு பரவிவிடுகிறது. ஈர விறகை வாங்கிவந்து கணப்பின் இருபுறமும் சுவரோடு ஒட்டி நெருக்கமாக அடுக்கிவிட்டால், கணப்பின் சூட்டிலேயே அது ஒரு வாரத்தில் காய்ந்து பக்குவமாகிவிடும் என்பதே அது. குன்னூரில் பங்களா வைத்திருப்பவரும் சொல்கிறார். கோத்தகிரியில் விடுதி நடத்துபவரும் சொல்கிறார். வீட்டு அலங்காரப் பத்திரிகைகளோ, தரையிலிருந்து கூரைவரை விறகு நிரம்பிய மாடங்களை வண்ணப்படமாக அச்சிட்டுச் சொல்லாமலே சொல்கின்றன. மரத்தின் ஈரத்தை அளப்பதையே ஜீவனமாகக் கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. வரிசை கலையாத விறகு கண்ணுக்கு இனியது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த ஒழுங்குக்கு மரியாதை கொடுத்து ஈரம் தானாக வெளியேறும் என்று நம்புவதற்குத்தான் ஆதாரம் ஒன்றையும் காணோம்.

அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். கணப்பில் இடத் தகுந்த விறகிலோ அது நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருக்கலாகாது. மரத்தின் நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்களிலும் அவற்றின் சுவர்களிலும் தங்கியிருக்கும் அந்தத் தண்ணீர், வெட்டுமுகங்களின் வழியே சுலபமாகவும், பக்கவாட்டில் மிகுந்த சிரமத்தோடுமே வெளியே வரும். இனி அந்த அழகிய அடுக்கைப் பாருங்கள். ஒரு வெட்டுமுகம் சுவரில் முட்டி நிற்கிறது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே விரல் நுழையாது. சூடு படுவதெல்லாம் அறையை நோக்கிய முகத்தில் மட்டுமே. அந்த முகம் சீக்கிரம் உலர்ந்து, சுருங்கி, வெடிக்கிறது. வெடிப்பைக் கண்ட வீட்டுக்காரர் விறகு பக்குவமாயிற்று என்று மகிழ்கிறார். கட்டையின் நடுவிலோ ஈரம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. உலர்வதற்குச் சூடு மட்டும் போதாது, வெளிவரும் ஆவியை ஏற்று அப்பால் கொண்டுபோகும் காற்றோட்டமும் வேண்டும். ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்ட அறையில் அது ஏது? வெளியேறும் கொஞ்ச நஞ்ச ஈரம் எங்கே போயிற்று என்று அறிய விரும்புவோர், காலையில் ஜன்னல் கண்ணாடியையும் அலமாரியின் பின்புறத்துப் பூஞ்சணத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரமானால் என்ன, கொஞ்சம் புகைந்துவிட்டு எரிந்துதானே தீரும் என்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக மாற்ற ஏறக்குறைய 620 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஆகவே 10 கிலோ பச்சை விறகில் இருக்கும் 5 கிலோ தண்ணீரை விரட்ட 3,100 கிலோகலோரி செலவாகும். எஞ்சிய 5 கிலோ மரம் மிச்சமில்லாமல் எரிந்தாலும் கிடைப்பது சுமார் 22,500. ஏழில் ஒரு பங்கு தண்ணீருக்கே தட்சிணை. நஷ்டம் இதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். நிற்பதில்லை. தீயின் வெப்பம் தணிந்துபோவதால், மரத்திலிருந்து எழும் வாயுக்களில் பெரும்பகுதி எரியாமலே மேலேறி, குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. என்றோ ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொண்டால், நெருப்பு கூரைச் சட்டங்களை எட்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

கணப்பை ஒட்டிய அடுக்கே ஓர் அபாயம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திறந்த கணப்பிலிருந்து பொறி தெறிக்கும். இரும்பு அடுப்பின் அருகிலோ, நெடுநாள் சூடேறிக் கருகிய மரம், புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிகள், காப்புத் தகடு இல்லாத இடங்களில் அடுப்புக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 36 அங்குலம் கேட்கின்றன. நம்மவர்கள் மூன்று அங்குலம் விட்டாலே தாராளம்!

இவ்வளவும் கேட்டபின், "எங்கள் பாட்டி அடுப்படியில்தானே விறகைக் காயவைத்தாள்?" என்று சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் வாதிக்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் பாட்டி அங்கே வைத்தது, சித்திரை வெயிலில் கொல்லைப்புறத்தில் சுக்காய்க் காய்ந்து, பிறகு ஐப்பசிச் சாரலில் மேலாக நனைந்த சவுக்கு விறகில், மறுநாள் சமையலுக்கு வேண்டிய நாலு கட்டை. மேலே பட்ட மழைநீர் வேறு. மரம் தன்னுள்ளே வைத்திருக்கும் நீர் வேறு. கைப்பருமன் சவுக்கை வைத்துத் தொடைப்பருமன் கற்பூரமரக் கட்டைக்கு நியாயம் பேசுவது, மரத்துக்கும் பொருந்தாது, பாட்டிக்கும் மரியாதையாகாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு உபசாரம் தேவையில்லை. கற்பூரமரப் புகை சளியைப் போக்குமாம். தைலம் வடிப்பது இலையிலிருந்து, கட்டையின் புகையில் இருப்பது கரியும் கண்ணெரிச்சலுமே. வீட்டுக்குள் கொண்டுவந்தால் விறகிலுள்ள பூச்சி செத்துவிடுமாம். அறையின் இளஞ்சூடு பட்டைக்குள் உறங்கும் வண்டை எழுப்பிவிடுமேயன்றிக் கொல்லாது. விறகுக்குப் பதில் கரியைப் போட்டால் புகையே இல்லை, ஆகையால் தீங்கும் இல்லை என்பது மட்டும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு, மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியவர்களைக் கொன்ற செய்தியை மலைவாசஸ்தலங்களிலிருந்து பத்திரிகைகள் வெளியிட்டும், குளிர் வந்தவுடன் அதே கரியடுப்பு படுக்கையறைக்குள் நுழைகிறதே, இந்த மௌட்டியத்தை என்னவென்பது?

விறகு காய்வது வெளியில், காற்றில். நீலகிரியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அப்போதே விறகை வாங்கிப் பிளந்து, மண்ணில் படாதபடி கழிகளின்மேல் இடைவெளிவிட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்தே விடவேண்டும். பருத்த கட்டைகளுக்கு ஒரு வருஷம்கூடப் பிடிக்கலாம். பக்குவம் தெரிய, ஒரு கட்டையில் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குள் இரண்டு நாள் செலவுக்கான விறகு இருந்தால் போதும், அதுவும் கணப்பிலிருந்து மூன்றடி தள்ளி.

ஆனால் காய்ந்த விறகு கடையிலேயே ஏன் கிடைப்பதில்லை? நாம் விறகை எடைபோட்டு வாங்குவதால்தான். ஒரு டன் பச்சை விறகு, 20 பங்கு ஈரத்துக்கு இறங்கும்போது 625 கிலோவாகிவிடும். யோக்கியமாகக் காயவைத்து விற்கும் வியாபாரிக்கு 375 கிலோ நஷ்டம், ஈரத்தோடு இறக்குபவருக்கு அத்தனையும் லாபம். அமெரிக்காவில் 4 அடி அகலமும் 4 அடி உயரமும் 8 அடி நீளமும் கொண்ட அடுக்கை ஓர் அளவாக வைத்து விற்கிறார்கள். காய்ந்தாலும் காயாவிட்டாலும் அடுக்கின் அளவு அதிகம் மாறுவதில்லை. இங்கும் அப்படியே விற்கவேண்டும் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன். அடுத்த ஜனவரியில் விறகு வண்டி வாசலில் வந்து நின்றால், எடைச்சீட்டை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டு, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.