துப்பாக்கி நிறுத்தும் மரச்சட்டம்: வீட்டிலேயே சொற்பச் செலவில் செய்துகொள்ளும் விதம்

பயிர்க் காவலுக்கென லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியைக் கதவு மூலையில் சாய்த்து வைப்பதும், உத்தரத்தில் செருகி வைப்பதும் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். மண்வெட்டியையும் கடப்பாரையையும் அவ்வாறு வைக்கலாம். கீழே விழுந்தால் ஓசை எழும், அவ்வளவே. துப்பாக்கியின் காரியம் வேறு. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில், சுத்தியல் போன்ற ‘குதிரை’ கேப்பின்மேல் படிந்திருக்கும்போது அது தரையில் விழுந்து குதிரையில் அடிபட்டால், எவரும் விசையைத் தொடாமலே வெடித்துவிடக்கூடும். மூலையில் சாய்த்த துப்பாக்கியை விழச் செய்வதற்கு ஓர் ஆட்டுக்குட்டி போதும். ஆகையால் துப்பாக்கியை நிறுத்துவதற்கு ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுவது வீட்டிலுள்ளோரின் உயிரைப் பற்றிய விஷயமாகும்.

செங்கற்பட்டு ஜில்லாவில் சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் முதலிய ஊர்களில் இன்று கணினித் தொழிற் கட்டடங்கள் எழும்பி, விளைநிலம் குறுகிவிட்டது. ஆயினும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஏதேனும் ஒரு வீட்டில் இருக்குமாயின், காவலுக்குரிய வயல் குறைந்தது பற்றி அதன் ஆபத்து குறைந்துவிடாது. உபயோகிக்கப்படாமல் கிடக்கும் துப்பாக்கியைப் பற்றியே வீட்டார் அதிகம் அசட்டையாயிருப்பர். மேலும் இவ்வூர்களுக்குக் கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழியும் வங்கக் கடலும் இருப்பதால், உப்புக் காற்று இரும்பை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரச் சுவரை ஒட்டி நிற்கும் குழலுக்குச் சேதம் இன்னும் விரைவாக ஏற்படும்.

முதலில் சட்டத்தைப் பற்றி

மரவேலையைத் தொடங்குமுன் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஏற்பட்டு, 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. உண்மையாகவே பயிரைக் காப்பதற்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்க அச்சட்டம் இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன; லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக்கப்பட்டது.

லைசென்ஸ் என்பது பெற்றவர் பெயருக்கு மட்டுமே உரியது. கூட்டுறவுச் சங்கத்தில் ஏர், தெளிப்பான் முதலியவற்றைப் பொதுவில் வைத்து முறைப்படி எடுத்தாளுவது போலத் துப்பாக்கியை எடுத்தாள முடியாது. அண்டை வீட்டாருக்கு இரவல் தரவும் கூடாது. லைசென்ஸ் பெற்றவர் காலமானால், துப்பாக்கி நிலபுலன்களைப் போலத் தானாக மகனைச் சேராது. வீட்டார் தாமதமின்றி அதனைப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, பிறகு வாரிசின் பெயருக்கு மனுச் செய்ய வேண்டும். பாட்டனாரின் துப்பாக்கி இன்னமும் பரண்மீது இருக்கிறதென்றால், அந்த வீட்டாருக்கு முதல் வேலை போலீஸ் நிலையத்தில். சட்டம் செய்வது அதற்குப் பிறகே.

குடகு நாட்டில் குடவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாமென்ற விதிவிலக்கு ஆங்கில ஆட்சிக் காலம் முதல் இருந்து வருகிறது. 2019 அக்டோபரில் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. கைல்போள்து என்னும் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, நம் ராஜ்யத்தின் மலராகிய செங்காந்தளைச் சூட்டுவார்கள். அதைக் கேள்வியுற்று, நமக்கும் அத்தகைய விலக்கு உண்டென்று எவரும் எண்ணிவிடலாகாது.

இன்னும் ஒன்று. பயிர்க் காவல் லைசென்ஸ் இருப்பதனாலேயே காட்டுப் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிற்கும் பயிருக்கு அபாயம் விளைவிக்கும் காட்டுப் பன்றியைக் கொல்லுவதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ, அவரால் அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரோ எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும்.

மரம் தெரிந்தெடுத்தல்

புது மரம் வாங்க வேண்டுமென்பதில்லை. பழைய கதவு நிலை, உடைந்த கட்டிலின் சட்டம் முதலியவை நன்கு உலர்ந்தவையாதலால் மிகவும் தக்கவை. புதிதாக வாங்குவதாயின் பூவரசு, வேம்பு, வாகை இவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். மாமரம் எளிதில் உளுத்துப்போகும். சவுக்கு மலிவாயினும் ஆணி அடிக்கையில் பிளக்கும். எம்மரமாயினும் பச்சையாக இருத்தல் கூடாது. பச்சை மரம் உலர உலர முறுக்கிக்கொள்ளும். அதிலிருந்து வெளிப்படும் ஈரமும் புளிப்பு ஆவியும் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும்.

வேண்டிய சாமான்கள்

இங்கே கூறும் அளவுகள் 4 அடி நீளமுள்ள துப்பாக்கிக்கு ஏற்றவை. இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் சட்டம் இடந்தராமையால் இரண்டுக்கே இடம் வைத்திருக்கிறோம்.

1. நெட்டுச் சட்டம் 2: நீளம் 40 அங்குலம், அகலம் 2, கனம் 1½.
2. அடிப்பலகை 1: நீளம் 20 அங்குலம், அகலம் 5, கனம் 1.
3. நடுக் குறுக்குச் சட்டம் 1: நீளம் 20 அங்குலம், அகலம் 3, கனம் 1.
4. கவைப் பலகை 1: நீளம் 20 அங்குலம், அகலம் 5, கனம் 1½.
5. அடிப்பலகையின் முன்புறத்துக்கும் இரு பக்கங்களுக்கும் விளிம்புப் பட்டி: அகலம் 2 அங்குலம், கனம் ½.
6. முக்கோண முட்டுக்கட்டை 4. 3 அங்குல நீளமுள்ள திருப்புக்கட்டை 2.
7. கடையில் வாங்க வேண்டியவை: திருகாணிகள், மரையுடன் கூடிய வளைய ஆணி 2, கனத்த சங்கிலி 3 அடி, நல்ல பூட்டு 1.

வாள், உளி, துளைக்கருவி, இழைப்புளி, மூலைமட்டம் இவை இருந்தால் ஒரு நாள் வேலை.

செய்யும் விதம்

முதலாவது, துப்பாக்கியை அளவெடுக்க வேண்டும். அளவெடுக்குமுன் அதில் மருந்து இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொள்ளுவது இன்றியமையாதது. குழலின் வாயைத் தம்மிடமிருந்தும் பிறரிடமிருந்தும் விலக்கிப் பிடித்து, கேப்பு இருந்தால் முதலில் அதனை அகற்றுக. பிறகு, வாய்க்கு நேரே தலையோ கையோ வராதபடி, மருந்து இடிக்கும் கோலைக் குழலினுள் மெதுவாக விட்டு, வாயோடு ஒத்த இடத்தில் அடையாளமிடுக. கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி கேப்பு வைக்கும் இடம்வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் எட்டாமல் நின்றால் உள்ளே ஏதோ கெட்டித்திருக்கிறது என்று பொருள். அதனைத் தாமாகத் தோண்டி எடுக்க முயலாமல், லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, கவைப் பலகையின் முன் விளிம்பில் இரண்டு கவைகளை வெட்டுக. இடக் கோடியிலிருந்து 3 அங்குலத்தில் ஒன்றும், 12 அங்குலத்தில் மற்றொன்றுமாக அவற்றின் மையம் அமையட்டும். ஒவ்வொன்றும் 1½ அங்குல அகலமும் 2½ அங்குல ஆழமும் கொண்டிருக்கும். விசை வலப்புறம் நோக்கத் துப்பாக்கியை நிறுத்தும்போது, அதன் அடிக்கட்டை குழலுக்கு நேரே நில்லாமல் வலப்புறம் தள்ளி நிற்கும். ஆதலால்தான் கவைகளைப் பலகையின் நடுவிலிருந்து இடப்புறமாக ஒதுக்கியிருக்கிறோம். கவையின் உட்புறத்தை உருண்டையாக இழைத்து, மெழுகு தோய்த்த தடித்த துணியை ஒட்டுக. உப்பிட்டுப் பதனிட்ட தோலை ஒட்டினால் அது ஈரத்தை இழுத்துக் குழலுக்கு ஊட்டும்.

மூன்றாவது, நெட்டுச் சட்டங்களை வெளிப்புறம் 20 அங்குலம் வரும்படி இணையாகக் கிடத்துக. அடிமுனையிலிருந்து 4 அங்குலத்தில் அடிப்பலகையின் மேற்பரப்பும், அதற்கு மேல் 15 அங்குலத்தில் நடுக் குறுக்குச் சட்டமும், 32 அங்குலத்தில் கவைப் பலகையும் அமையத் திருகாணியால் முடுக்குக. வேறு நீளமுள்ள துப்பாக்கியானால், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் கவைப் பலகையையும், விசைக் காப்பு வளையத்துக்கு நேராக நடுக் குறுக்குச் சட்டத்தையும் வைப்பதே கணக்கு. இரண்டு பலகைகளின் கீழும் முட்டுக்கட்டை கொடுக்க மறக்கலாகாது. அடிப்பலகையைச் சுற்றி விளிம்புப் பட்டி ஓர் அங்குலம் மேலே எழுந்து நிற்கும்படி அடித்தால், அடிக்கட்டை வழுக்கி வெளிவராது.

நான்காவது, கவைகளின் வாயை மூடத் திருப்புக்கட்டைகளை ஒற்றைத் திருகாணியில் பொருத்துக. கட்டையைத் திருப்பினால் குழல் முன்னே சாயாது. ஆயினும் இதனைப் பூட்டாக எண்ணக் கூடாது. கவையை எவ்வளவு கெட்டியாக அடைத்தாலும், துப்பாக்கியைச் சற்றே தூக்கி, அடிக்கட்டையை விளிம்புக்கு வெளியே இழுத்துக் கீழ்நோக்கி உருவிவிடலாம். ஆகவே நடுக் குறுக்குச் சட்டத்தின் இரு கோடிகளிலும் வளைய ஆணிகளைப் பின்புறம் மரையிட்டு முடுக்கி, சங்கிலியை இடப்புற வளையத்தில் கோத்து நிலைநிறுத்துக. பிறகு அதனை இரண்டு துப்பாக்கிகளின் விசைக் காப்பு வளையத்தினூடும், விசைக்குப் பின்பக்கமாகச் செலுத்தி, வலப்புற வளையத்தோடு சேர்த்துப் பூட்டுக. வெளியே உருவ முடியாமல் துப்பாக்கியைப் பிடித்து வைப்பது இச்சங்கிலியே.

ஐந்தாவது, மரம் முழுவதையும் இழைத்து ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை பூசி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் உலர விட்ட பிறகே துப்பாக்கியை நிறுத்த வேண்டும்.

சுவரில் பொருத்துதல்

இரண்டு துப்பாக்கிகளின் பாரம் ஏழெட்டுக் கிலோ இருக்கலாம். செங்கற் சுவரில் துளையிட்டு ஆப்பு அடித்து, 4 அங்குலத் திருகாணிகளால் முடுக்குக. மண்சுவர் இப்பாரத்தைத் தாங்காது; அத்தகைய வீட்டில் மரத்தூணோடு பொருத்துவதே நலம். அடிப்பலகை தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தால் கரையான் ஏறுவதைக் கண்டுகொள்ளலாம். சுவருக்கும் மரத்துக்கும் இடையில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் காற்று புகுந்து ஈரம் தங்காது. மழைச் சாரல் படும் சுவரும், அடுப்பங்கரையும், தெருவிலிருந்து பார்வை படும் கூடமும் ஆகாதவை. உட்புற அறையில், தாழிடக்கூடிய கதவுக்குள் வைப்பது சிலாக்கியம். சங்கிலி குழந்தையின் கையையும் அவசரக்காரனையும் தடுக்கும். அரமும் வாளும் கொண்டு வரும் திருடனைத் தடுக்க அறைக் கதவும் பூட்டும் வேண்டும். உயரத்தில் வைத்துவிட்டால் குழந்தைக்கு எட்டாதென்று நம்பியிருப்பதும் தவறு. முக்காலி எல்லா வீட்டிலும் உண்டு.

நாள்தோறும் நினைவில் வைக்க வேண்டியவை

மருந்து கெட்டித்த துப்பாக்கியைச் சட்டத்தில் ஒருபோதும் நிறுத்தலாகாது. மருந்தும் கேப்பும் வேறோர் இடத்தில், வேறு பூட்டின்கீழ் இருக்கட்டும். இரண்டு சாவிகளும் லைசென்ஸ்தாரரிடமே இருக்க வேண்டும். சாவியை ஆணியில் மாட்டி வைத்தால் பூட்டியும் பூட்டாததே. கரிமருந்தின் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாதலால், வெடித்த அன்றே குழலை வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவிய பிறகே சட்டத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையேனும் எண்ணெய்த் துணியால் துடைத்தல் அவசியம். தேர்தல் காலங்களில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தால் ஒப்படைத்து, ரசீதை லைசென்ஸோடு பத்திரப்படுத்துக.

துப்பாக்கி இல்லாத அங்கத்தினர்களுக்கும் இச்சட்டம் பயன்படும். கவைகளை ஐந்தாறாக வெட்டிக்கொண்டால் மண்வெட்டி, கடப்பாரை, தொரட்டி முதலியவற்றை நிறுத்தலாம். தொரட்டியின் அரிவாள் குழந்தைகளின் கால்பட விழுந்து கிடப்பதும் நிற்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க

1. நமது ஊரில் லைசென்ஸ்தாரர் காலமான பின்னும் ஒப்படைக்கப்படாத துப்பாக்கி உண்டா? வீட்டாருக்கு மனு எழுத உதவுபவர் யார்?
2. கவைப் பலகை மட்டும் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தப் போதாது என்பது ஏன்?
3. மருந்தையும் துப்பாக்கியையும் ஒரே பெட்டியில் பூட்டினால் என்ன கெடுதி?
4. மரமும் சங்கிலியும் மொத்தமாக வாங்கி, ஊர்த் தச்சரைக் கொண்டு ஒரே நாளில் பல சட்டங்கள் செய்வித்தால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மிச்சமாகும்?