ஆடைக் கலையும் வழிநூல் மரபும்
(இளம் வடிவமைப்பாளர்களின் படைப்புத் தூண்டல்கள் - ஓர் ஆய்வு)

முன்னுரை

நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கூறவந்த நன்னூல் பொதுப்பாயிரம், நம்மை நூல் நூற்கும் இடத்திற்கே அழைத்துச் செல்கிறது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் அறிவு கதிராகவும் அங்கே உருவகிக்கப்படுகின்றன. ஏட்டில் எழுதுவதையும் இராட்டையில் நூற்பதையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம் மொழி. ஆகவே, ஆடைக் கலையைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவது பொருத்தமற்ற செயலாகாது என நம்புகிறேன்.

அதே பாயிரம் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. முன்னோர் கண்ட முடிவோடு பொருந்தி, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து, மரபு அழியாமல் செய்வது வழிநூல் ஆகும். இல்லாமையிலிருந்து படைப்பவன் இறைவன் ஒருவனே. மனிதன் செய்வனவெல்லாம் வழிநூல்களே. எனவே, புதிதாகத் தோன்றும் ஓர் ஆடையையோ அணிபொருளையோ காணும்போது, 'இது எந்த முதலிலிருந்து வந்தது? அந்த முதலுக்கு இது உண்மையாக நடந்துகொண்டதா?' என்னும் இரு வினாக்களை எழுப்புதல் தகும். இளமையிலேயே பெயர்பெற்ற மூன்று வடிவமைப்பாளர்களின் தொடக்ககாலப் படைப்புகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

1. இழந்த வீட்டின் நினைவு

ஹுசைன் சலயான் 1970ஆம் ஆண்டு சைப்ரஸ் தீவின் நிக்கோசியா நகரில் துருக்கிய சைப்ரஸ் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் பயின்று 1993இல் பட்டம் பெற்றார். இறுதியாண்டுத் தேர்வுக்காக அவர் தைத்த ஆடைகளை இரும்புத் தூளோடு சேர்த்து நண்பர் ஒருவரின் தோட்டத்து மண்ணில் புதைத்து வைத்தார். சில வாரங்கள் கழித்துத் தோண்டி எடுத்தபோது, துருவும் மண்ணும் தாமே அத்துணிகளில் வண்ணம் தீட்டியிருந்தன. ஆடைக்கும் பிறப்பு, முதுமை, அழிவு உண்டு என்னும் உண்மையை அவை பார்ப்போர்க்கு உணர்த்தின. இலண்டனின் புகழ்பெற்ற பிரவுன்ஸ் கடை அந்த மாணவப் படைப்பை வாங்கிக் காட்சிக்கு வைத்தது.

அவரது முதிர்ந்த படைப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்டது. இலண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கின் மேடையில் ஒரு வீட்டின் கூடம் அமைக்கப்பட்டிருந்தது. நாற்காலிகளின் உறைகளைக் கழற்றிப் பெண்கள் ஆடைகளாக அணிந்துகொண்டனர். நாற்காலிகள் மடிந்து பெட்டிகளாயின. நடுவிலிருந்த வட்ட மேசையினுள் ஒரு பெண் நின்று அதனை மேலே உயர்த்த, அது அடுக்கடுக்கான மரப் பாவாடையாக விரிந்தது. முடிவில் அந்தக் கூடம் வெறுமையாயிற்று.

இது வெறும் வித்தைக் காட்சி எனக் கருதுதல் பிழையாகும். சைப்ரஸ் தீவு 1974இல் இரண்டாகப் பிளவுபட்டது. அதற்கு முன்னும் பின்னும் இரு இனத்தாரிலும் எத்தனையோ குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. 1999இல் கொசோவோ மக்களும் அவ்வாறே வெளியேறினர். நள்ளிரவில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் எதனைத் தூக்கிச் செல்ல முடியும்? வீட்டையே உடுத்திக்கொண்டு போக முடிந்தால் எப்படியிருக்கும்? இந்த ஏக்கமே அம்மேடையில் ஆடையாயிற்று. சலயானின் முதல்நூல் இடம்பெயர்ந்தோரின் நினைவு எனலாம்.

2. திடலுக்கு வெளியே நின்ற மாணவி

இரண்டாமவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த சிண்டி வான் டென் பிரேமன். ஐந்தோவன் நகரின் வடிவமைப்புக் கல்லூரியில் இவர் பயின்றுவந்த காலத்தில், அந்நாட்டுப் பள்ளிகளில் ஒரு சிக்கல் எழுந்தது. முக்காடு அணிந்த முஸ்லிம் மாணவியரை, ஊசி குத்தும், துணி கழுத்தை இறுக்கும் என்னும் பாதுகாப்புக் காரணம் கூறி உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கிவைத்தனர். மார்க்கமா, விளையாட்டா என அச்சிறுமியர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலை உருவாயிற்று.

வாதிடுவோர் இரு பக்கமும் வாதிட்டனர். சிண்டி அச்சிறுமியரிடமே சென்று கேட்டறிந்தார். ஊசியும் முடிச்சும் இன்றித் தலையையும் கழுத்தையும் மறைத்து, ஓடும்போது நழுவாமல், பிடித்து இழுத்தால் தீங்கின்றிக் கழன்றுவிடும் தலையணியை 1999இல் தம் பட்ட ஆய்வுப் படைப்பாக உருவாக்கினார். 'கேப்ஸ்டர்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அது, 2005ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாப்புக்கான வடிவமைப்புகள் பற்றிய கண்காட்சியில் இடம்பெற்றது.

2011ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தலைமறைப்பின் காரணமாக ஈரான் நாட்டு மகளிர் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆட இயலாமற் போயிற்று. வீராங்கனைகள் திடலில் கண்ணீர் வடித்த காட்சியை உலகம் கண்டது. அடுத்த ஆண்டு, கால்பந்து விதிகளை வகுக்கும் அவையின் முன் தலையணி பற்றிய வழக்கு வந்தபோது, சிண்டியின் வடிவமைப்பும் எடுத்துக்காட்டப்பட்டது. 2012இல் சோதனை முறையிலும், 2014இல் நிலையாகவும் அனுமதி கிடைத்தது. 2023இல் மொராக்கோ நாட்டின் நுஹைலா பென்சினா முக்காட்டுடன் உலகக்கோப்பைப் போட்டியில் களமிறங்கினார். மகளிர் உலகக்கோப்பை வரலாற்றில் அவ்வாறு ஆடிய முதல் வீராங்கனை அவரே.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிண்டி முஸ்லிம் அல்லர். தமக்குரியதல்லாத ஒரு மரபை அவர் மாற்ற முற்படவில்லை. அம்மரபு கெடாமல், அது சந்தித்த தடையை மட்டுமே நீக்கினார். மரபு அழியாமல் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தல் என்னும் வழிநூல் இலக்கணத்திற்கு இதனினும் பொருத்தமான சான்று காண்பது அரிது.

3. தறியின் அருகே

மூன்றாமவர் நம் நாட்டவர். இராகுல் மிஸ்ரா உத்தரப்பிரதேசத்தில் கான்பூருக்கு அருகிலுள்ள மல்ஹௌசி என்னும் சிற்றூரில் பிறந்தவர். கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 2006இல் மும்பையில் தம் முதல் தொகுப்பை வெளியிட்டபோது அவர் கையாண்டது வெளிநாட்டுப் பட்டன்று; கேரளத்துக் கைத்தறி முண்டு. அந்த எளிய துணியைக் கொண்டு இருபுறமும் திருப்பி அணியத்தக்க ஆடைகளை உருவாக்கினார்.

2014இல் இத்தாலியின் மிலான் நகரில் வழங்கப்பட்ட பன்னாட்டு வுல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியர் இவரே. 2020இல் பாரிஸ் நகரின் உயர்தையல் வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளர் என்னும் சிறப்பையும் பெற்றார். பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் வாடிய பூவேலைக் கைவினைஞர்கள், தத்தம் ஊருக்கே திரும்பி அங்கிருந்தபடியே தொழில் செய்யத்தக்க முறையில் தம் பணியைப் பிரித்தளித்தார். பிறர் கைகளால் எத்தனை விரைவாக வேலை முடியும் என்று எண்ணும் உலகில், எத்தனை கைகளுக்கு எத்தனை நாள் வேலை கிட்டும் என்று எண்ணினார் என்பதே இவர் பெருமை.

மூவர் காட்டும் பொதுநெறி

ஒருவர் நினைவிலிருந்தும், ஒருவர் தேவையிலிருந்தும், ஒருவர் உழைப்பிலிருந்தும் தொடங்கினர். இம்மூன்றும் பிறர் துன்பத்தை உற்றுநோக்கியதால் கிட்டியவை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே கண்ணோட்டம் எனப் பெயரிட்டார். கண் சென்று ஒரு பொருளில் தங்குவதும், நெஞ்சு சென்று அதற்கு இரங்குவதும் அச்சொல்லில் ஒன்றாகின்றன. படைப்புத் தூண்டல் என்பதற்கு யான் காணும் பொருள் இக்கண்ணோட்டமே.

கண்ணோட்டம் இல்லாத வழிநூல் களவாக முடியும். மெக்சிகோ நாட்டுப் புரேபெச்சா பழங்குடியினரின் மரபுக் கோலங்களை உரிய மதிப்பளிக்காமல் எடுத்தாண்டதாக 2020இல் அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சர் குற்றஞ்சாட்ட, பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மராந்த் மன்னிப்புக் கோரினார். முதல்நூலின் பெயரைச் சொல்லாமல் மறைப்பது ஏட்டில் குற்றமாயின், ஆடையிலும் குற்றமே.

நம் அருகில் இருப்பவை

சலயானுக்குச் சைப்ரஸ், மிஸ்ராவுக்கு முண்டு. நமக்கு என்ன உண்டு எனச் சிந்தித்தல் வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணியை மலாய் மக்கள் இன்றும் 'கைன் பெலிக்கட்' என்றே அழைக்கின்றனர். கடல் கடந்தும் ஊர்ப்பெயர் வாழ்கிறது. நெய்தவர் பெயர்தான் தெரியவில்லை. பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள், ஊறவைத்துக் கிழித்த கோரையை மெல்லிய பாவில் நெய்யும் பாய், பட்டுப்போல் மடியும் இயல்புடையது. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அக்கோரையில் ஒரு கைப்பையை வடிவமைக்க நம் மாணவியர் எவரேனும் எண்ணியதுண்டா? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலகங்களில் நம் சமுதாயத்தார் தலைமுறைகளாக உழைத்துள்ளனர். தோலைப் பதப்படுத்த அறிந்தவர்களின் பிள்ளைகள், அதனை வடிவமைக்கவும் கற்கலாமன்றோ?

இதனை எழுதத் தூண்டிய ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தொகைநிலைத் தொடர்களை நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி குறிப்பேட்டின் ஓரத்தில் துப்பட்டாவுக்குரிய பூங்கொடி ஒன்றை வரைந்துகொண்டிருந்ததைக் கண்டேன். வகுப்பறிய அவளைக் கடிந்து, அப்பக்கத்தைக் கிழித்தெறியச் செய்தேன். அவள் மறுமொழி கூறாமல் கிழித்தாள். அடுத்த ஆண்டு நன்னூல் பாயிரம் நடத்த வந்தேன். புலவனே நூற்கும் பெண் என்று கரும்பலகையில் எழுதித் திரும்பியபோது, அவள் இருந்த இடத்தில் வேறொருத்தி இருந்தாள். திருமணமாகிப் படிப்பை நிறுத்திவிட்டதாகக் கூறினர். அந்தப் பூங்கொடி என்ன ஆயிற்றோ! பாடத்தைக் கவனிக்கச் சொன்னது என் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால், பக்கத்தைக் கிழிக்கச் சொல்லும் முன் ஒரு கணம் அதனை உற்றுப் பார்த்திருக்கலாம். கண்ணோட்டத்தை நடத்தும் ஆசிரியனுக்கு அது அன்று இல்லாமற் போயிற்று.

முடிவுரை

புதுமை என்பது வேரை அறுத்துக்கொண்டு மேலே பறப்பதன்று என்பதும், பிறர் நினைவையும் தேவையையும் உழைப்பையும் முதலாகக் கொண்டு, அம்முதலின் பெயரை மறவாமல் இயற்றப்படும் வழிநூலே அது என்பதும் இவ்வாய்வால் பெறப்படும் உண்மைகளாகும்.

மாணவச் செல்வங்களே! அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும், சென்னையில் 1995 முதல் இயங்கிவரும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமும் உங்களுக்கும் உரியவையே. நுழைவுத் தேர்வில் வரையும் கையும் காணும் கண்ணும் கேட்கப்படுகின்றன. சமுதாயப் பெரியோர்களே! இக்கலையைத் தையற்கூலி என்று எளிதாக எண்ணித் தள்ளிவிட வேண்டா. மானம் காக்கும் ஆடையை அழகுறச் செய்யும் அறிவு நம் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து வந்தால், அதன் ஒழுங்கையும் அவர்களே காப்பர். ஆசிரிய நண்பர்களே! குறிப்பேட்டின் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். நாம் நடத்தும் பாடத்தின் வழிநூல் ஒன்று அங்கே எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.