விடை முதலில் வரலாம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கணக்குப் பரீட்சையில் விடை சரியாக இருந்தும், வழிமுறை எழுதவில்லை என்று மார்க் குறைத்துவிட்டார்கள் என வருந்தியிருக்கிறாய். "எனக்கு இன்டியூஷன்ல தோணிடுது பெரியப்பா, ராமானுஜனுக்கும் அப்படித்தானே?" என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. உனக்குத் தோன்றுவது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லை இப்போது எல்லாரும் எதற்கெல்லாமோ போடுகிறார்கள். பிறந்த கன்று தானாக மடி தேடிப் போகிறதே, அது இன்ஸ்டிங்க்ட். பிறவியிலேயே வருவது, யாரும் பழக்குவதில்லை. "இன்னிக்கு மழை பெய்யும், மனசு சொல்லுது" என்று லீவுக்கு ஆசைப்பட்டுச் சொல்வது வெறும் ஆசை. இன்டியூஷன், அதாவது உள்ளுணர்வு, இந்த இரண்டும் இல்லை. ஒரு விஷயத்தோடு நெடுநாள் பழகியவருக்கு, யோசித்த தடம் தெரியாமலே விடை முன்னால் வந்து நிற்பது அது.

நம் பிரம்மதேசத்தில் உன் ஆயாவையே பார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், "இன்னும் நாலு நாள் போவட்டும்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதோடு விடுகிறாரா? இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கருத்திருக்கிறதா என்று பார்க்கிறார். வெளுப்பாக இருந்தால் முற்றவில்லை. அத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் ஓட்டை உடைத்துப் பார்த்துத்தான் அறுவடைக்கு ஆள் சொல்கிறார்.

இனி ராமானுஜன். நீ ரயிலேறும் அதே விழுப்புரம் ஜங்ஷனில் அவரும் இறங்கியிருக்கிறார். 1910-ஆம் ஆண்டின் கடைசியில், கும்பகோணத்திலிருந்து வந்து, இங்கே வண்டி மாறி, திருக்கோவிலூர் போனார். எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர், கையில் வேலை இல்லை. அங்கே டெப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர். அவரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்கத்தான் போனார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் அடைப்பதா என்று, சென்னையில் இருந்த கணக்கறிந்தவர்களிடம் அனுப்பிவைத்தார்.

மறு ஆண்டு, அந்தக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? பல மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் பென்சில் எடு. 3 என்பது √9. அந்த 9-ஐ 1 + 2×4 என்று எழுது. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4×6. உள்ளே போகப் போக அதே கோலம்தான்.

ராமானுஜன் சிலேட்டில்தான் கணக்குப் போடுவார். முழங்கையால் அழித்து அழித்துப் போடுவார். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். காகிதம் வாங்கக் காசில்லாத வீடு அது. அந்த முடிவுகள் தன் குலதெய்வம் நாமகிரித் தாயார் அருள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நீ நோட்டை மட்டும் பார்த்துவிட்டு, சிலேட்டே இல்லை என்று நினைத்துவிட்டாய். பள்ளி வயதிலேயே, கார் என்பவர் தொகுத்த, நிரூபணம் அதிகம் இல்லாத ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் கொண்ட ஒரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தவர் அவர்.

அவருக்கும் உள்ளுணர்வு ஒருமுறை தவறியது. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று சொல்ல ஒரு சூத்திரம் கண்டார். நாம் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய எண்களுக்கு அது வெகு நெருக்கமாகப் பொருந்தியது. எண்கள் மிகமிகப் பெரிதாகும்போது, பிழை அவர் நினைத்ததைவிட அதிகம் என்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் கண்டார்கள். 1913-இல் அவருடைய முதல் கடிதத்தைப் பார்த்து அசந்துபோன அதே ஹார்டிதான், பதில் கடிதத்தில் நிரூபணங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். உன் டீச்சர் கேட்டதும் அதையேதான்.

அதனால் விடை முதலில் தோன்றினால் தோன்றட்டும், தாளின் ஓரத்தில் குறித்துவை. பிறகு வழிமுறையை எழுது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அவசரப்படாமல் நில்; புதிதாகக் கற்பது அங்கேதான்.

மேலே 3-க்குச் செய்தது போல, 10-க்கு ஒரு வர்க்கமூல வரிசை அமைத்து, வழிமுறையோடு எழுதி அடுத்த கடிதத்தில் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா