அகில்

பண்டைத் தமிழ் நூல்களைப் பயில்வோர் அகிற்புகையின் பெயரைப் பலவிடத்தும் காண்பர். மகளிர் கூந்தலை உலர்த்தவும், மாளிகைகளை மணமூட்டவும் முன்னோர் அதனைக் கொண்டனர். அம்மணத்தின் பிறப்பினையும் அதன் வரலாற்றினையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அகிலினத்து மரங்கள் அஸ்ஸாம் தொடங்கி மலாய் நாடு, சுமத்ரா முதலிய கீழைநாட்டுக் காடுகளில் வளர்வன. நோயற்ற மரம் வெண்மையும் மென்மையும் உடையது, நறுமணம் அற்றது. புழுக்கள் துளைத்தலாலோ பிறவாற்றாலோ மரம் புண்பட, அப்புண்வழியே பூஞ்சைக் காளான் உட்புகும். அதனைத் தடுத்தற்பொருட்டு மரம் ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றது. அப்பிசின் பல்லாண்டு ஊறிக் கருமையுற்ற பகுதியே அகிற்கட்டை. பிசின் மிக்கது நீரில் அமிழும். ஆதலின் சீனர் அதனை 'அமிழும் நறுமணம்' எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர்.

சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என அகிலின் வகைகளைக் கூறுவர். இவற்றுள் முதல் மூன்றும் இடப்பெயரால் அமைந்தவை. கிடாரம் என்பது மலாய் நாட்டுக் கெடா. அதுவும் தக்கோலமும் முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திய இடங்களுள் அடங்குவன. ஆகவே, இப்பெயர்களே பண்டை வணிகவழியைக் காட்டும் சான்றுகளாகின்றன.

அகிலின் பெயர் மேற்றிசையும் சென்றது போலும். சங்கீதம் 45-இல் அரசனது ஆடையின் மணத்தைக் கூறுமிடத்துத் தமிழ் வேதாகமம் 'சந்தனம்' என்னும். எபிரெய மூலத்தில் உள்ள சொல்லோ 'அகாலோத்'. இச்சொல்லைக் கால்டுவெல் ஐயர் 'அகில்' என்பதனோடு தொடர்புறுத்தினர். அரபு நாட்டினர் இதனை 'ஊத்' என்று அழைத்து இன்றும் விருந்தினர்க்குப் புகைப்பர். அஸ்ஸாமியர் இம்மரத்தின் பட்டையைப் பதப்படுத்தி அதில் நூல்கள் எழுதினர்.

இத்துணைப் பெருமை மரத்திற்கே கேடாயிற்று. உள்ளே பிசின் உண்டா என்பது வெளித்தோற்றத்தால் அறிதற்கரிது. எனவே, பேராசையுற்றோர் மணமற்ற மரங்களையும் வெட்டி வீழ்த்தினர். அதனால் 1995-இல் இவ்வினத்துள் ஒன்றும், 2004-இல் எடுத்த முடிவின்படி இவ்வினம் முழுமையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டன. அஸ்ஸாம் மக்கள் பலர் தம் வீட்டுத் தோட்டங்களிலேயே இம்மரத்தை வைத்து வளர்க்கின்றனர்.

புண்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்ததே நாம் விரும்பும் நறுமணம். அது முதிரும்வரை காத்திருப்போர்க்கே அகில் கிட்டும். விரைவோர் மரத்தையும் இழப்பர். அகில் நம் நூல்களில் மட்டும் எஞ்சிய வெறும் பெயராகாதிருத்தல் வேண்டும்.