வெளிநாட்டுப் படிப்பு: முதல் போடுமுன் கவனியுங்கள்

வெல்லாவெளிப் பக்கம் நெல் வாங்கப் போகும் நமது வியாபாரி, ஈரம் பார்க்காமல் விலை பேசமாட்டார். அவரே பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, முகவரின் வாய்ச்சொல்லை நம்பி இலட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறார். படிப்பும் முதலீடுதான். நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

1. பட்டம் இங்கு செல்லுமா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். மருத்துவமாயின் இலங்கை மருத்துவச் சபையிடம் கேளுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கு பதிவுபெற ஈ.ஆர்.பி.எம். பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

2. கட்டணத்தை முகவரின் கையில் கொடுக்காமல், வங்கி மூலம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

3. பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். சொந்த வியாபாரம் நடத்த முடியாது. மீறினால் விசாவும் போகும், முதலும் போகும்.

4. போய்ச் சேர்ந்ததும் இலங்கைத் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2020 பெப்ரவரியில் கொரோனா பரவிய சீனாவின் வூஹானிலிருந்து நமது மாணவர்களைத் தனி விமானம் அனுப்பித்தான் மீட்டார்கள். ஆபத்து வேளையில் பதிவில் உள்ளவரைத் தேடுவது எளிது.

கடைசியாக, திரும்பிவரும் விமானச் செலவைக் கடைக் கணக்கில் கலக்காமல் வேறாக வையுங்கள்.