உடலின் மெல்லிய மாறுதலை உணர்தல்

மான்குர்த்திலிருந்து வாஷிப் பாலத்தின் வழியே ரயிலிற் செல்லும் அன்பர்கள், நீர் வடிந்த வேளையில் கழிக்கரையைக் கண்டிருப்பர். அங்குச் சேற்றுநிலம் திடீரென ஆழமாவதில்லை. சிறிது சிறிதாகச் சரிந்து நீருள் மறைகின்றது. பெருங்கடல் படிப்படியாக ஆழமாவதுபோல இத்தம்மத்திலும் பயிற்சி படிப்படியானதே என்று பகவான் புத்தர் உவமித்த செய்தி உதானம் என்னும் நூலில் உள்ளது. உள்ளத்தின் பயிற்சிக்குக் கூறிய அவ்வுவமை உடலின் பயிற்சிக்கும் பொருந்தும். அது எவ்வாறு என்பதே இப்பாடம்.

சீன நாட்டுப் போர்க்கலைகளுள் சில ‘அகவகை’ எனப்படும். ஹுவாங் சோங்சி என்னும் அறிஞர் 1669-இல் எழுதிய கல்லறைச் சாசனம் ஒன்றில் இப்பெயர் வருகின்றது. பிற்காலத்தில் சுன் லுதாங் (1860–1933) என்பார் தாய்ச்சி, பாகுவா, சிங்யி என்னும் மூன்றையும் ஒரு குடும்பமாகக் கொண்டு நூல்கள் இயற்றினார். போதிதர்மரே இத்தகைய கலைகளைச் சீனர்க்குக் கற்பித்தார் என நம்மவர் பெருமையுடன் கூறுவதுண்டு. ஆயினும் அவரைப் பற்றிய பழைய குறிப்புகளில் அச்செய்தி இல்லை; அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டினது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஒரு கலையின் பயன் அதன் பிறப்புக் கதையிலன்று, பயில்வோர் உடலிலேயே சோதித்தறியத் தக்கது.

தாய்ச்சியின் அடிப்படை எளிது. முழங்கால்களைச் சற்றே மடித்து, தோள்களைத் தளரவிட்டு, இயல்பாக மூச்சுவிட்டு நிற்க வேண்டும். உடலின் பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றி, பாரமற்ற மற்றக் காலை மெல்ல முன்வைத்துப் பின்னரே அதன்மேல் பாரத்தை மாற்ற வேண்டும். இவ்வளவு மெதுவாகச் செய்வது எதற்கு? விரைந்து நடக்கையில் வேகமே குறையை மறைத்துவிடுகின்றது. மெல்ல நடக்கையில் எவ்விடத்தில் தடுமாறுகின்றோம் என்பது தெளிவாகின்றது.

முதலில் தெரிவது வலிமையன்று, குறையே. தொடை நடுங்குவதும், தோள் உயர்ந்திருப்பதும், மூச்சை அடக்கியிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். ‘முன்னினும் கேடுற்றேன்’ என்று எண்ணிப் பலர் இந்நிலையில் கைவிடுவர். கேடு புதிதாக வந்ததன்று. அறிவே புதிதாக வந்தது. முதற் சில வாரங்களில் கூடும் வலிமை, பெரும்பாலும் நரம்புகள் தசைகளை ஏவக் கற்றுக்கொள்வதால் உண்டாவது. தசை பருப்பது அதற்குப் பின். தசைநாண் உறுதிப்படுவது இன்னும் தாமதமாக. ஆகவே கண்ணாடியில் நோக்கிப் பயனில்லை. ஆடும் ரயிலில் நிற்கும்போது கைப்பிடியை முன்போல் இறுகப் பற்றாதிருத்தல், மேம்பாலப் படிகளில் இறங்குகையில் கால் ஓசையின்றிப் பதிதல், தண்ணீர்க் குடத்தைத் தூக்குகையில் தோள் காதருகே எழாதிருத்தல் ஆகியவையே அடையாளங்கள்.

2012-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில், நடுக்குவாத நோயாளர் 195 பேர் மூன்று குழுக்களாகப் பிரிந்து, வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 1 மணி நேரமாக 24 வாரம் பயின்றனர். ஒரு குழு தாய்ச்சியும், மற்றவை தசைவலிப் பயிற்சியும் உடல் நீட்டற் பயிற்சியும் மேற்கொண்டன. நிலைதவறாது நிற்பதில் தாய்ச்சிக் குழுவினர் மேம்பட்டனர். அப்பயனை அளந்தறிய ஏறக்குறைய அரையாண்டு காலம் அவர்கள் பயின்றனர் என்பதை நினைவிற் கொள்க.

சங்யுத்த நிகாயத்தில் தச்சன் உவமை ஒன்று உண்டு. வாய்ச்சியின் கைப்பிடியில் தன் விரல் பதிந்த தேய்வைத் தச்சன் காண்கின்றான். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என அறியான். தேய்ந்தது என்று மட்டும் அறிவான். ஆகவே நாள்தோறும் பயனைக் கணக்கிட வேண்டா. மாதம் ஒருமுறை சுவரருகே ஒற்றைக் காலில் நின்று, எத்தனை மூச்சளவு நிற்க இயன்றது எனக் குறித்துவைத்தால் போதும்.

இரண்டு தவறுகளை விலக்குக. உள்ளங்கையில் வெம்மையோ துடிப்போ தோன்றினால் அதனைத் தெய்வ ஆற்றல் என்று கொள்ளற்க; அஃது ஓர் உணர்ச்சி, தோன்றி மறையும். முழங்காலிற் கூரிய வலியோ வீக்கமோ கண்டால் அதனைத் தவம் எனப் பொறுக்கற்க. பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண்க. உடலை வருத்துதலைப் புத்தர் தாமே சோதித்துக் கைவிட்டார்.

மெல்ல நடத்தல் நமக்கு அயலானதன்று. பிக்குகளின் உடல்நலம் கருதி உலாவுதற்கு இடம் வேண்டும் என மருத்துவர் ஜீவகர் விண்ணப்பிக்க, புத்தர் இசைந்தார். நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சித் திறன், நோயின்மை, உண்டது செரித்தல், நெடிது நிற்கும் மன ஒருமை என உலாவுதலின் ஐந்து பயன்களை அங்குத்தர நிகாயம் கூறும்.

சுமை தூக்கியும் நெடுநேரம் நின்றும் உழைக்கும் நம்மவர்க்கு உடல் என்பது பிறர் வேலைக்குரிய கருவியாகவும், பிறர் இகழ்ந்து பெயரிட்ட பொருளாகவும் நெடுங்காலம் இருந்தது. அரைமணி நேரம் அதனைத் தாமே கூர்ந்து நோக்குவோர் அங்குக் காண்பவை திண்மை, வெம்மை, அசைவு, மாறுதல் என்பனவே. புல்லிலும் பறவையிலும் இனத்தைக் காட்டும் குறி உண்டு, மனிதருடலில் பிறப்பைக் காட்டும் குறி இல்லை என்று வாசெட்ட சூத்திரம் உரைத்ததை ஒவ்வொருவரும் தம் உடலிலேயே காணலாம். பயிற்சியால் வந்த உறுதியும் முதுமையில் தளரும். அத்தளர்ச்சியையும் கலங்காது நோக்கும் கண்ணைப் பெறுதலே பயிற்சியின் முடிந்த பயன்.